எறும்பு ஊரும் அளவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தகரத்தை வெட்டியது நான்தான். பிஸ்கட் டப்பாத் தகரம். சதுரமாக வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, ஒரு மூலையில் ஒயரைப் பற்றவைத்து, மேலே பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தைத்தும் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. முப்பத்தாறு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் கையில் வேலை சுத்தமாக இல்லாமல் எப்படி இருக்கும். அந்தச் சுத்தம்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பக்கீர் முகம்மது என்று பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. காயில் பாய் என்றால் குடவாசலுக்குக் கிழக்கே எந்த வாய்க்கால் கரையில் கேட்டாலும் கடைக்கு வழி சொல்வார்கள். பம்புசெட் மோட்டார், மிக்சி, கிரைண்டர், எதுவானாலும் பிரித்துவிடுவேன். பிரித்ததை மறுபடி சேர்த்தும்விடுவேன், அதுதான் முக்கியம். வாய் கொஞ்சம் நீளம். கரண்ட் இல்லாத நேரத்திலும் உங்கள் வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்பாள் என் வீட்டுக்காரி லத்தீஃபா.

அம்சம் எங்கள் ஊர் நடவு செட்டுக்குத் தலை. செட்டில் பன்னிரண்டு பெண்கள். எந்த வயலில் என்றைக்கு நடவு, யார் நாற்று பறிப்பது, யார் நடுவது எல்லாம் அவள் வாயில்தான் இருக்கும். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு. வரப்பிலிருந்து முதலில் இறங்குகிறவள் அவள்தான். குனிந்தால் எதிர் வரப்பு முதுகில் இடிக்கும்வரை நிமிரமாட்டாள். நடவு என்பது பின்னால் நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. கண் நாற்றில் இருக்கும், பள்ளம் எங்கே, கட்டி எங்கே என்று பின்னங்கால்தான் துழாவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் மருதையன் ஊருக்கு நீராணி. மடை திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடும் வேலை. இத்தனை நாழி உனக்கு, இத்தனை நாழி அவனுக்கு என்று அவர் சொன்னால் சொன்னதுதான். தலைமடைக்காரன் எவ்வளவு சத்தம் போட்டாலும் கடைமடைக்குப் போகவேண்டியது போய்ச் சேரும். பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. என் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘வர்றேன் பாய்’ என்று ஒரே வார்த்தையோடு எழுந்து போகிற ஆள்.

நான் தகரம் வெட்டிக் கொடுத்த வைத்திய மிஷின் அவர்கள் வீட்டுடையது இல்லை. செட்டிலேயே ஈஸ்வரி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். குறுவை நடவு முடிந்ததும் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியவில்லை. மன்னார்குடியில் என் தங்கை மகள் நிலோஃபர் பிசியோதெரபி பார்க்கிறாள், நான்தான் அங்கே அனுப்பிவைத்தேன். நிலோஃபர் சோதித்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு சின்ன மிஷினை எழுதிக் கொடுத்தாள். சோப்பு டப்பா அளவு, உள்ளே பேட்டரி, இரண்டு ஒயர், ஒயர் நுனியில் ஒட்டிக்கொள்கிற பசைப் பட்டைகள். இடுப்பில் ஒட்டி, திருகை மெல்லத் திருப்பினால் குறுகுறு என்று இருக்கும். எறும்பு ஊர்கிற அளவுக்குத் திருப்பு, அதோடு நிறுத்து, இருபது நிமிஷம் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

ஈஸ்வரிக்கு நன்றாகவே கேட்டது. பத்தே நாளில் எழுந்து நடமாடினாள். அங்கேதான் வினை பிடித்தது.

எங்கள் ஊரில் ஒரு பொருள் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. மருந்து தெளிக்கிற மிஷினும் நெல் தூற்றுகிற ஃபேனும் தெருவுக்கே பொது. வைத்தியச் சாமான்களும் அப்படியே ஆகிவிட்டன. மணிவண்ணன் வாத்தியார் வீட்டில் ஒரு பிரஷர் பார்க்கிற மிஷின் இருக்கிறது. களத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வருகிறவன் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்து, நூற்றறுபது காட்டுகிறதே என்று பயந்து, பக்கத்து வீட்டுக்காரன் மாத்திரையில் பாதியை விழுங்குவான். சளி பிடித்த குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கிற மிஷின் ஒன்று, ஒரே மூக்கு மூடியோடு நாலு வீடு சுற்றுகிறது. மூடியைக் கழுவுவது யார் பொறுப்பு என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் இதெல்லாம் தப்பென்று தோன்றியதே இல்லை. ஒளித்து வைத்துக்கொண்டால்தானே தப்பு.

ஈஸ்வரி மிஷினும் அப்படித்தான் கிளம்பியது. ஐப்பசி பிறந்து சம்பா நடவு மும்முரம். மழை வேறு விட்டுவிட்டுப் பெய்தது. செட்டில் இடுப்பு வலி இல்லாதவள் யார். எனக்கு இன்றைக்கு, எனக்கு நாளைக்கு என்று இழுபறியானதும், நீங்களே ஒரு முறை வைத்துக் கொடுங்கள் என்று மருதையனிடம் போய் நின்றார்கள். அவரும் வைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு நாள். மிஷினோடு சேர்ந்து ‘எறும்பு ஊரும் அளவு’ என்ற சொல்லும் வீடு வீடாகப் போனது.

மூன்றாவது சுற்றில் பசைப் பட்டைகள் செத்துப்போயின. சேறு, விளக்கெண்ணெய், தைலம், மஞ்சள் எல்லாம் ஏறி, காய்ந்த பலாச்சுளை மாதிரி ஆகிவிட்டன. அம்சமும் ஈஸ்வரியும் கடைக்கு எடுத்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

“பாய், இது ஒட்ட மாட்டேங்குது. என்னான்னு பாருங்க,” என்றாள் அம்சம்.

“புதுப் பட்டை வாங்கி மாட்டணும். மன்னார்குடிலதான் கெடைக்கும். நிலோஃபர்ட்ட கேட்டா வாங்கித் தருவா.”

“நடவ விட்டுட்டு யாரு மன்னார்குடிக்குப் போறது. நீங்க எதாவது செஞ்சு குடுங்க. நீங்க செய்யாத வேலையா.”

இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. மிஷினை வாங்கி முடுக்கி, மீட்டரில் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

“ஏம்மா, இதுக்குள்ள இருக்கறதே ஒம்போது வோல்ட்டு பேட்டரி. நானூத்தி நாப்பது வோல்ட்டுல கைய விட்டு வேல பாக்குறவன் நான். இது என்னா பண்ணிடப் போவுது.”

“சாக்கு கீக்கு அடிச்சிடாதே?” என்றாள் ஈஸ்வரி.

“அடிச்சா எங்கிட்ட வா.”

தகரத்தில் இரண்டு துண்டு வெட்டினேன். துணியைச் சுற்றினேன். துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கட்டினால் கரண்ட் நன்றாகப் பாயும் என்று வித்தையும் சொல்லிக் கொடுத்தேன். என் முன்னங்கையில் சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி, திருகை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் எண்ணிலேயே எறும்பு ஊர்ந்தது. நாலில் கடித்தது. கழற்றிவிட்டேன்.

“மூணுக்கு மேல போவாதீங்க,” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மூன்று என்பது என் கைக்கு என்று சொல்லவில்லை. அது எனக்கே அப்போது தெரியாது.

பத்து நாள் இருக்கும். விடாத மழை. கடைக்கு முன்னால் முழங்கால் தண்ணீர், பழுதுக்கு ஒருவரும் வரவில்லை. மருதையன் மழைக்கு உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ சொன்னேன். பாதி குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

“பாய், அந்த மிஷின்ல சூடு வருமா?”

“எந்த மிஷின்?”

“நீங்க தகரம் வச்சுக் குடுத்தீங்கள்ல, அது.”

“பேட்டரி மிஷின்ல சூடு எப்புடி வரும்? கைய வச்சுப் பாத்துட்டுத்தானே குடுத்தேன். எவன் வேலைய யாருகிட்ட வந்து கேக்குறீங்க?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. செய்த வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. “வேற யாராவது கைய வச்சிருப்பாங்க. கரண்ட்டுல நேரா சொருகிப் பாத்திருப்பாங்க.”

அவர் எழுந்து நின்றார். “செத்த வந்து அம்சம் காலப் பாத்துட்டுப் போங்க,” என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

அம்சம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய சோறு, மோர்மிளகாய், தொட்டும் பார்க்கவில்லை. காய்ச்சலில் கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் புடவையை இழுத்து வலது காலை மூடிக்கொண்டாள்.

“இவர யாரு பாயக் கூட்டியாரச் சொன்னா. சேத்துப்புண்ணு பாய், அவ்வளவுதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சிருக்கேன். நாளன்னைக்குக் காஞ்சிடும்.”

“காமி,” என்றார் மருதையன்.

“வேணாங்க.”

“காமிங்கிறேன்ல.”

காட்டினாள். பாதத்தின் உள்பக்கம், குதிகாலுக்கு முன்னால் ஒன்று, பெருவிரல் மேட்டுக்குக் கீழே ஒன்று. முதலாவது ஓரம் வெளுத்து நடுவில் கறுத்திருந்தது. இரண்டாவதில் தோல் பிய்ந்து, உள்ளே மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் அடியில் சேறு. கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது. நாற்றம் அடித்தது. புண் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புண் வட்டமாக இருக்கும், நீளமாக இருக்கும். இது இரண்டும் சதுரம். என் தகரத்தின் அளவு. மூலையில் ஒயரைப் பற்றவைத்த இடத்தில் கொஞ்சம் ஆழமாகக்கூட இருந்தது.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன்.

“இடுப்புக்குத்தானே அது. கால்ல எதுக்கு வச்சே?” என்றேன்.

“ராவும் பகலும் பாதம் எரியும் பாய். ஒரு வருசமா, ரெண்டு வருசமா. மொளகா அரைச்சுப் பூசின மாதிரி. இடுப்பு வலிக்கு அவளுக்குக் கேக்குதே, நமக்குப் பாத எரிச்சலுக்குக் கேக்காதான்னு வச்சேன்.”

“எத்தனைல வச்சே? மூணுதானே சொன்னேன்.”

அம்சம் புருஷனைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மூணுல எறும்பு ஊரலேன்னுச்சு. நாலுலயும் ஊரல. நாந்தான் பாய் சொன்னேன். பாதம் ஒடம்புக்குக் கடைமடை. தலைமடைல ஒரு சாண் தொறந்தா போதும், கடைமடைக்கு மடைய முழுசாத் தொறந்து வச்சுக் காத்துக் கெடக்கணும். தண்ணி மெதுவாத்தான் ஏறும். எம்பது வருசம் எங்கப்பனும் நானும் அப்புடித்தான பாச்சுறோம். அதே கணக்குல பத்துல வச்சேன். இந்தக் கையாலதான் திருப்பினேன். இருவது நிமிசத்துக்கும் ஊரலேன்னுச்சு. சரி, கெடக்கட்டும்னு ஒரு மணி நேரம் வச்சிருந்துச்சு. மூணு நாள் அப்புடி வச்சோம். நம்ம வீட்டு மொறை ஒரு நாள்தான். நீராணி வீடுங்கறதால அடுத்தவங்க யாரும் கேக்கல.”

“அப்பகூட ஊரலியா?”

“ஊரல பாய்,” என்றாள் அம்சம். “வீணா மிஷினக் கெடுத்துட்டமோன்னு நெனச்சேன்.”

“அதுக்கப்புறம் வயல்ல எறங்கினியா?”

“எறங்காம? நாலு நாள் எறங்கினேன்.”

“வலிக்கலியா?”

“வேல நேரத்துல வலி தெரியுமா பாய்,” என்று பேச்சை முடித்துவிட்டாள்.

நான் அங்கிருந்தே நிலோஃபருக்குப் போன் போட்டேன். பாதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். பிறகு, “மாமா, அந்த அக்காவுக்குச் சர்க்கரை இருக்கான்னு கேளுங்க,” என்றாள்.

“சர்க்கரை இருக்காம்மா உனக்கு?”

“லேசா. மூணு வருசமா மாத்திரை குடுத்திருக்காங்க. நடவு நேரத்துல போட்டா கிறுகிறுன்னு வருது, போடறதில்ல.”

போனிலேயே அதை நிலோஃபர் கேட்டுவிட்டாள். என்னை மாமா என்று கூப்பிடுகிற பெண், சின்ன வயதில் என் கடையில் செப்புக்கம்பியில் வளையல் முறுக்கிப் போட்டுக்கொண்ட பெண், அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசியதே இல்லை. “ஈஸ்வரிக்கு மிஷின் எழுதறதுக்கு முன்னாடி எத்தனை கேள்வி கேட்டேன் தெரியுமா மாமா? சர்க்கரை இருக்கா, நெஞ்சுல மிஷின் வச்சிருக்கா, மாசமா இருக்கியா, தோல்ல புண்ணு இருக்கா, பஞ்சால தொட்டா தெரியுதா, எல்லாம் கேட்டுட்டுத்தான் எழுதினேன். அது ஈஸ்வரிக்கு எழுதினது. ஊருக்கு எழுதினதில்ல. தொட்டாத் தெரியாத எடத்துல அத வைக்கவே கூடாது. உணர்ச்சி இருந்தாத்தானே எறும்பு ஊரும்? நீங்க வேற தகரத்த வெட்டி, உப்புத் தண்ணிய ஊத்தி… உடனே கூட்டிக்கிட்டு வாங்க. காச்சல் இருக்குன்னா இன்னைக்கே.”

கேள்விகளையெல்லாம் ஈஸ்வரி அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். ரேஷன் கார்டுக்கு விவரம் கேட்கிற மாதிரி ஏதோ கேட்கிறார்கள் என்று, இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு எல்லாமே இல்லைதான்.

அம்சம் கிளம்ப மறுத்துவிட்டாள்.

“மணிவண்ணன் வாத்தியாருக்கு எட்டு மா நெலம் பாக்கி கெடக்கு பாய். நாத்துக்கு முப்பத்தஞ்சு நாளாயிடுச்சு. மழ விட்டதும் எறங்கணும். நான் எறங்கலேன்னா செட்டு எறங்காது. ஒரு நாள் பாப்பாரு, ரெண்டு நாள் பாப்பாரு, மூணா நாள் நடவு மிஷினுக்குப் போன் பண்ணிடுவாரு. ஒரு வயல்ல மிஷின் எறங்கிட்டா அப்புறம் ஊர் பூரா எறங்கிடும். பன்னெண்டு வீடு பாய்.”

“காலு போயிடும் அம்சம்.”

“சேத்துப்புண்ணுக்குக் கால் போவுமா.”

“சேத்துப்புண்ணு சதுரமா வருமா?” என்று கத்திவிட்டேன். “இது நான் வெட்டின தகரம். பாரு, இந்த மூலைல ஒயர் வச்சேன், அங்க ஆழமா இருக்கு. என் கையில நாலுலயே கடிச்சுது. உன் காலு பத்துல வெந்துக்கிட்டிருக்கு, உனக்குத் தெரியல. வேல நேரத்துல வலி தெரியலேன்னு கத விடாதே. பாயில ஒக்காந்துக்கிட்டு வச்ச மிஷின் இது.”

அவள் குனிந்துகொண்டாள். வாசலில் குடையோடு ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முழுதும் கேட்டிருக்கிறாள் போல.

“யக்கா, நீ போ,” என்றாள். “எட்டு மாவையும் நாங்க நட்டுடறோம். நான் முன்னால எறங்குறேன். வாத்தியார்ட்ட நானே போய்ச் சொல்லிடறேன்.”

“உனக்கு இடுப்பு…”

“இருக்கட்டும். நீ போக்கா.”

அம்சம் தூணைப் பிடித்து எழப் பார்த்தாள். மருதையன் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார். மன்னார்குடி போகிற வரை மழை. வழியெல்லாம் இரண்டு பக்கமும் புது நடவு தண்ணீரில் முங்கிக் கிடந்தது. அவள் தார்ப்பாயை விலக்கி விலக்கி எந்த வயலில் வடிகால் வெட்டவில்லை என்று புருஷனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நிலோஃபர் காத்திருந்தாள். டாக்டரம்மா நடுத்தர வயது, நிதானமான ஆள். சர்க்கரை முந்நூற்றுத் தொண்ணூறு என்றார்கள். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று எனக்கு வாய்விட்டு வந்துவிட்டது. செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே ஓரத்தில் கத்தரியை வைத்துப் பார்த்தார். அம்சம் அசையவில்லை. ஊசி தேவைப்படவில்லை. கத்தரி கறுக் கறுக் என்று நறுக்கியபோது, மருதையன்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் நிலோஃபரிடம், “ஏம்மா, எத்தனை புள்ளைங்க உனக்கு?” என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“வலிக்கலியாம்மா?” என்றார் டாக்டரம்மா.

“வலிக்குதுங்க. பல்லக் கடிச்சுக்கிட்டிருக்கேன்.”

பன்னிரண்டு நாள் அங்கே வைத்திருந்தார்கள். பிறகு ஒன்றரை மாதம் வாரம் இரண்டு கட்டு. மூன்றாவது வாரம் ஒரு தடவை சின்ன விரல் கறுக்கிற மாதிரி இருந்து, எடுக்க வேண்டி வருமோ என்று பேசினார்கள். எடுக்க வேண்டி வரவில்லை. காலைத் தரையில் ஊன்றக் கூடாது, சேறு படக் கூடாது. சாப்பாட்டைச் சொன்ன நேரத்துக்கு லத்தீஃபா கொடுத்தனுப்பினாள், கீரையும் கேழ்வரகும் மீனுமாக. மருதையன் காலையில் மடை பார்த்துவிட்டு வந்து, அவளுடைய பாதத்தைக் கையில் ஏந்திக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தினமும் பார்க்கவேண்டும் என்று நிலோஃபர் சொல்லியிருந்தாள். அவருக்கு ஒரு வேலை சொல்லிவிட்டால் போதும்.

செட்டு உடையவில்லை. ஈஸ்வரி முன்னால் இறங்க, எட்டு மாவையும் மூன்று நாளில் நட்டு முடித்தார்கள். வாத்தியார் மிஷின் நடவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் என்ன செய்வாரோ, அது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அந்த மிஷினைக் கொண்டுபோய் வாய்க்காலில் வீசிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். நிலோஃபர்தான் தடுத்தாள். “மிஷின் என்ன மாமா பண்ணுச்சு? ஈஸ்வரிக்கு அது வேணும்.” புதுப் பட்டை வாங்கிப் போட்டு, இடுப்புக்கு மட்டும், இருபது நிமிஷத்துக்கு மட்டும், ஈஸ்வரிக்கு மட்டும் என்று தமிழில் எழுதி டப்பாவின் மேலேயே ஒட்டிக் கொடுத்தாள். இரவல் கேட்டு வருகிறவர்களிடம் ஈஸ்வரி இப்போது அந்தச் சீட்டைக் காட்டுகிறாள். ‘ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறா’ என்று இரண்டு பேர் அவளோடு பேசுவதில்லை. என் கடைக்கு யாராவது பிரஷர் மிஷின், ஆவி மிஷின் என்று எடுத்துக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நீங்கள் செய்யாத வேலையா பாய் என்கிறார்கள். ஆமாம், நான் செய்யாத வேலைதான் என்கிறேன்.

மார்கழிக் கடைசியில் புண் ஆறி மூடிவிட்டது. கடைசித் தடவையாகக் காட்டப் போனோம், நாங்கள் மூன்று பேரும். அம்சம் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டாள்.

“டாக்டரம்மா, நான் எப்ப வயல்ல எறங்கலாம்? தையில உளுந்து தெளிக்கிறதுக்குள்ள போவணும். அப்புறம் குறுவ வந்துடும். குறுவ நடவுக்கு நான் இல்லாம முடியாது.”

“புண்ணு ஆறிடுச்சு. பாதத்துல உணர்ச்சி எப்படி இருக்குன்னு பாக்கணும். உணர்ச்சி நல்லா இருந்தா, காலப் பாத்துக்கிட்டு ஜாக்கிரதையா எறங்கலாம். இல்லேன்னா வெறுங்காலோட சேறு கூடாது. எப்பவுமே கூடாது. முள்ளு குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது.”

“உணர்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அம்சம் சட்டென்று. “அன்னைக்கு என்னமோ தெரியாமப் போச்சு.”

டாக்டரம்மா ஒரு சின்னப் பிடியில் கோத்த நைலான் நரம்பை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி, விரல் நீளம் இருக்கும்.

“கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லணும். அவ்வளவுதான்.”

இடது காலில் முதலில் தொட்டார். ஐந்து இடத்தில் நரம்பை வளைய வளைய அழுத்தினார். நாலுக்கு அம்சம் ‘ம்’ சொன்னாள். டாக்டரம்மா தலையாட்டினார். பிறகு வலது கால். பெருவிரலில் அழுத்தினார். கொஞ்சம் தாமதித்து, “ம்” என்றாள் அம்சம். பாதத்தின் நடுவில் அழுத்தினார். “ம்.”

டாக்டரம்மா நரம்பை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் இருவரையும் பார்த்து, பேசவேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

“ம்,” என்றாள் அம்சம்.

ஒரு மூச்சு விட்டு, “ம்.”

மறுபடியும் அதே இடைவெளியில், “ம்.” கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். முகத்தில் அவ்வளவு கவனம். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முப்பது வருடம் பழகின பொம்பளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஒரு முழம் சேற்றுக்காக.

“ம்.”

மருதையன் எழுந்து போய் அவள் தோளில் கையை வைத்தார்.

“கண்ணத் தொற அம்சம். அந்தம்மா கைய எடுத்து ரொம்ப நேரமாச்சு.”

அவள் கண்ணைத் திறந்தாள். மேஜையில் கிடந்த நரம்பைப் பார்த்தாள்.

“தொட்டதும் எனக்குத் தெரியல, எடுத்ததும் தெரியல,” என்றாள் அம்சம். “‘ம்’முன்னா வயலுக்கு விட்டுடுவீங்கன்னுதான் தெரியும்.”

“எத்தனை நாளா இப்புடி?” என்றார் மருதையன்.

“மூணு வருசம் இருக்கும். சேத்துல கால வச்சா வச்ச மாதிரியே இருக்காது. பக்கத்துல ஈஸ்வரி காலு எங்க போவுதோ அதப் பாத்து நானும் வைப்பேன். அதனாலதான் அவள எப்பவும் என் பக்கத்துலயே நிக்க வச்சுக்கறது.”

“எங்கிட்டகூடச் சொல்லலியே.”

“சொன்னா நீங்க எறங்க விட்ருப்பீங்களா?”

டாக்டரம்மா காகிதத்தை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார். வரப்பில் நின்று செட்டுக்கு வேலை சொல்லலாம், நாற்று முடிக் கட்டுகளைக் கணக்குப் பார்க்கலாம், இறங்க மட்டும் வேண்டாம் என்றார். அம்சம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நிலோஃபர் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்த செருப்பு வந்திருந்தது, மெத்தென்று உள்ளடி வைத்து, பின்னால் வார் போட்டது. பிறந்ததிலிருந்து அவள் வயலுக்குச் செருப்புப் போட்டுப் போனதில்லை.

மருதையன் தரையில் குந்தி உட்கார்ந்து, அவள் வலது பாதத்தைத் தொடைமேல் எடுத்து வைத்து, மேல்துண்டால் துடைத்து, செருப்பை மாட்டினார். வாரை இழுத்துக் கொக்கியைப் போட்டார்.

“இறுக்கமா இருக்கா?” என்று கேட்டார்.

அம்சம் குனிந்து தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க,” என்றாள்.